அடிபட்டவர் எந்தச் சட்டத்துக்கு உரியவர்?

வேலையின்போது வண்டியால் ஏற்படும் காயத்துக்குச் சட்டத்தில் இரண்டு பெயர்கள் உண்டு. சாலை விபத்து என்றால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பணியிட விபத்து என்றால் 1923இல் பிறந்து, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இரண்டிலும் உரிமை இருந்தாலும் ஒன்றில்தான் கேட்க முடியும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. பெங்களூரின் அல்சூர் கடைத்தெருவுக்குச் சரக்கு கொண்டுவரும் வேனின் கிளீனர் பழைய மெட்ராஸ் சாலையில் லாரி மோதி இறந்தால், அவர் குடும்பம் எங்கே கேஸ் போடுகிறது என்பதில்தான் தொகை இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். முப்பது வயது, மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளர் சட்டம் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கும். ஆனால் 2020இல் நிர்ணயித்த உச்சவரம்பின்படி 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளமாகவே எண்ணாது. கிடைப்பது 15,59,850 ரூபாய். மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் முழுச் சம்பளத்தோடு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கும். நான்கு பேர் அவரை நம்பியிருந்தால் கால்பங்கு கழித்து, 17ஆல் பெருக்கும். அது 53,55,000 ரூபாய். ஆனால் அங்கே எதிர்வண்டியின் தவறை நிரூபிக்க வேண்டும். தொழிலாளர் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே எழாது. வேலையால், வேலையின்போது நேர்ந்தது என்றால் போதும்.

இந்த 'வேலையின்போது' எங்கே தொடங்குகிறது என்பது நீண்ட வழக்கு. பணி முடிந்து நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீடு திரும்பிய பம்பாய் ஓட்டுநர் வேலையில்தான் இருந்தார் என்று 1963இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது லாரி மோதிக் காயமடைந்தவருக்கு 1996இல் அதே நீதிமன்றம் மறுத்தது. 2010இல் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) சட்டம் திருத்தப்பட்டு, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணம் உள்ளே வந்தது. நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால் அந்தப் பயணம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று 2025 ஜூலை 28இல் தீர்ப்பு வந்தது. அது, அதிகாலைப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, 2003இல் வழியிலேயே உயிரிழந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள்! தங்கள் கையில் இல்லாத சாலைக்குப் பொறுப்பேற்பது நியாயமல்ல என்று முதலாளிகள் தரப்பு சொல்கிறது.

இத்தனை விரிவும் யாரை எட்டவில்லை என்பதே பெரிய கவலை. அல்சூர் ஏரியைச் சுற்றி உணவுப் பையோடு ஓடும் டெலிவரி இளைஞர்களுக்குச் சாலைதான் பணியிடம். ஆனால் சட்டத் தொகுப்பு இவர்களைப் போன்ற கிக் தொழிலாளரை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. ஆகவே தவறு யாருடையது என்று கேட்காத அந்த இழப்பீடு அவருக்கு உரிமையாக வருவதில்லை. லாரி மோதினால் தீர்ப்பாயம் இருக்கிறது. மழையில் தானே சறுக்கி விழுந்தால் எதிர்த்தரப்பே இல்லை. வண்டி சொந்தமாக இருந்தால், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 15 லட்சம் வரையிலான உரிமையாளர்–ஓட்டுநர் காப்பீடு உதவலாம். வாடகை ஸ்கூட்டர் என்றால் அவர் உரிமையாளர் அல்ல. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மின்ஸ்கூட்டரோ சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. அதற்குப் பதிவும் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. டெலிவரிக்கு அதைத்தான் பலர் ஓட்டுகிறார்கள்.

கர்நாடகம் 2025இல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்கள் நல நிதிக்குக் கட்ட வேண்டும். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் நல நிதி தருவது உதவி. எவ்வளவு என்பதைத் திட்டம் முடிவுசெய்யும். வேன் கிளீனரின் குடும்பத்துக்கு உள்ளதுபோல, சம்பளத்தையும் வயதையும் காட்டிக் கணக்குப் போட்டுக் கேட்கும் இழப்பீட்டு உரிமையை அந்தச் சட்டம் டெலிவரி இளைஞருக்குத் தரவில்லை.