வரி எங்கே முறியும்?

அச்சுப் புத்தகத்துக்குப் பக்கம் கட்டுபவருக்கு ஒரு நிம்மதி உண்டு. கடைசிப் புரூஃப் பார்த்தபின் எந்த வரியும் இடம் மாறாது. மின்னூலில் அது நடக்காது. படிப்பவர் கைபேசியைப் படுக்கவாட்டில் திருப்பினாலோ, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலோ நூல் முழுவதும் மறுபடி வரி பிரிகிறது. 2007-இல் தரமாக ஏற்கப்பட்ட 'இபப்' கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு ஜிப் பொட்டலம். அதில் இணையப் பக்கங்களுக்கு எழுதுகிற அதே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். வடிவமைப்பாளர் விதிகளை எழுதிவைக்கிறார், பக்கத்தைக் கருவி கட்டிக்கொள்கிறது.

தமிழில் இந்த விதிகள் முதலில் இடறுவது சொல்லின் நீளத்தில். 'கொண்டிருக்கிறார்களா' கண்ணுக்கு 10 எழுத்து, யூனிகோடில் 19 குறியீடுகள். சிறிய திரையில் இப்படி இரண்டு சொல் வந்தாலே வரி நிறைந்துவிடும். மூன்றாவது சொல் கீழே இறங்கும். அச்சுப் பழக்கத்தில் இரு ஓரத்தையும் நேராக்கச் சொன்னால், மிஞ்சிய இடமெல்லாம் சொற்களுக்கு நடுவே புகுந்து, பத்தி பல் விழுந்த வாய்போல ஆகிவிடும்.

டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வரிகளைப் பிரிக்கும். 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் தரும் பக்கங்களின் அழகுக்கு அது ஒரு முக்கியக் காரணம். வாசிப்புச் செயலிகள் பலவும் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. ஒரு வரி நிறைந்ததும் அடுத்த வரிக்குத் தாவிவிடும். சொல்லை நடுவில் ஒடிக்கத் தெரிந்தால் பாதித் தொல்லை தீரும். தமிழில் அது கடினமும் அல்ல. புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நாளிதழ்களின் ஒடுக்கமான பத்திகளில் கோடுகூடப் போடாமல் ஒடிப்பார்கள். இது தெரியாத செயலியை நம்பி நேராக்குவதைவிட, வலது ஓரத்தை மேடுபள்ளமாகவே விட்டுவிடலாம். பதிப்பாளர் முகம் சுளிக்கலாம். படிப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

செய்யுளுக்கு அதுவும் போதாது. வெண்பாவின் நாற்சீர் அடி திரைக்குள் அடங்காமல் மடங்கும்போது, கடைசிச் சீர் தனி அடியாகத் தோற்றம் தரும். அடி முழுவதற்கும் இடப்பக்கம் 2 எம் இடம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே அளவு வெளியே இழுத்தால் மடங்கிய சீர் உள்தள்ளி நிற்கும். எம் என்பது எழுத்தின் அளவைப் பொறுத்தது என்பதால், எழுத்தைப் பெரிதாக்கினாலும் இந்த அமைப்பு கலையாது.

கண்ணுக்குச் சிக்காத பிழை வேறொன்று. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கம்போஸ் செய்த கோப்புகளை மாற்றும்போது, 'ஔ' பல நேரம் 'ஒ', 'ள' என்று இரண்டாக விழுந்துவிடும். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 'ஔவையார்' என்று தேடினால் நூலில் அப்படி ஒருவரே இல்லை என்று வரும். உரக்கப் படிக்கும் மென்பொருளோ பாட்டியின் பெயரையே மாற்றிவிடும். மௌனம், கௌரவம், வௌவால் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரே சொடுக்கில் மொத்தமாக மாற்றவும் முடியாது. 'ஒளி' சிதைந்துவிடும், 'கெளுத்தி' மீனும் மாட்டிக்கொள்ளும். ளகரத்துக்குப் பின் துணைக்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மாற்ற வேண்டும்.