3,000 கோடி கடனும் 50,000 ரூபாயும்: கிருபை எப்படி வேலை செய்யுது?

கிறிஸ்தவத்துல கடவுளோட மன்னிப்பு, கிருபைன்னு அடிக்கடி கேள்விப்படுறோம். உடனே வர்ற சந்தேகம் இதுதான்: "கடவுள் மன்னிச்சுட்டார்னா, தப்பு பண்ணவன் ஜாலியா போயிடலாமா? பாதிக்கப்பட்டவங்க கதி என்ன?" நியாயமான கேள்வி. மத்தேயு நற்செய்தியின் 18-ம் அதிகாரத்துல இருக்கிற ஒரு கதையை வச்சு இதைப் பார்ப்போம்.

பேதுரு இயேசுகிட்ட கேட்கிறார்: ஒருத்தன் எனக்குத் திரும்பத் திரும்பத் தப்பு பண்ணா எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவையா? அவருக்கு ஒரு லிமிட் வேணும். இயேசுவோட பதில், ஏழெழுபது தடவை. 490 வரைக்கும் எண்ணி 491-ல நிறுத்துன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. எண்ணுறதையே விட்டுடுன்னு அர்த்தம். அப்புறம்தான் அந்தக் கதையைச் சொல்றார்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஒரு ராஜாவுக்கு அவரோட வேலைக்காரன் 10,000 தாலந்து கடன் பாக்கி. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 தினாரி. ஒரு தினாரி அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆக மொத்தம் 6 கோடி நாள் சம்பளம்! வருஷத்துக்கு 300 நாள் வேலை பார்த்தாலும் அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். ஒருநாள் கூலி 500 ரூபாய்னு வச்சா, 3,000 கோடி ரூபாய்.

அவன் ராஜா காலில் விழுந்து என்ன கேட்கிறான்னு கவனிங்க. தள்ளுபடி கேட்கல, டைம் கேட்கிறான். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, எல்லாத்தையும் கட்டிடுறேன்" என்கிறான். இ.எம்.ஐ போட்டுக் கொடுங்கன்னு கேட்கிற மாதிரிதான். ராஜா டைம் கொடுக்கல, மொத்தக் கடனையும் ரத்து பண்ணிட்டார். கேட்டதைவிடப் பெருசு, தகுதிக்குச் சம்பந்தமே இல்லாதது. இதைத்தான் கிறிஸ்தவர்கள் கிருபை என்கிறார்கள்.

வெளியே வந்தவன், தனக்கு 100 தினாரி, அதாவது நம்ம கணக்குல 50,000 ரூபாய் தர வேண்டிய சக வேலைக்காரனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடிக்கிறான். அவனும் அதே மாதிரி டைம் கேட்டுக் கெஞ்சுறான். இவன் விடாம அவனை ஜெயிலில் போட்டுடுறான். ராஜாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் இவனுக்கும் தண்டனை கிடைக்குது.

50,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. மூணு மாசத்துக்கு மேல உழைப்பு. நமக்கு ஒருத்தர் செஞ்ச காயம் ஒண்ணுமே இல்லைன்னு கதை சொல்லல. அதைவிட 6 லட்சம் மடங்கு நமக்கு விடப்பட்டிருக்குன்னு சொல்லுது.

ரைட் ஆஃப் வேற, தள்ளுபடி வேற

பேங்க் ஒரு கடனை ரைட் ஆஃப் பண்ணா, அது பேலன்ஸ் ஷீட்லேர்ந்து போகும், ஆனா வசூல் முயற்சி தொடரும். தள்ளுபடி பண்ணா, கடனாளி விடுதலை. நாம பல பேரை "மன்னிச்சுட்டேன்"னு சொல்றது ரைட் ஆஃப்தான். சண்டை வந்தா பழைய கணக்கு அத்தனையும் வெளியே வரும்! இந்தக் கதையில ராஜா செஞ்சது தள்ளுபடி.

ஆனா தள்ளுபடி பண்ணா பணம் காத்துல கரைஞ்சிடாது. யாரோ ஒருத்தர் நஷ்டத்தைச் சுமக்கணும். இங்கே சுமந்தது ராஜா. சிலுவையை கிறிஸ்தவர்கள் புரிஞ்சுக்கிறதும் ஏறக்குறைய இப்படித்தான்: மனுஷனோட பாவத்தின் விலையைக் கடவுளே ஏத்துக்கிட்டார். அதனால கிருபை வாங்குறவனுக்கு இலவசம், கொடுக்கிறவருக்கு இலவசம் இல்லை.

அப்போ பாதிக்கப்பட்டவங்க?

"நீ மன்னிச்சுத்தான் ஆகணும்"னு சொல்லியே பாதிக்கப்பட்டவங்க வாயை அடைக்கிறது நிறைய நடக்குது. அப்படிச் செய்றவங்க இந்தக் கதைக்கு முன்னால இருக்கிற பகுதியைப் படிக்கணும். ஒருத்தன் தப்பு பண்ணா நேர்ல போய்ச் சொல்லு, கேட்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போ, அப்பவும் கேட்கலன்னா சபைக்கே சொல்லுன்னு அதே அதிகாரத்துல இருக்கு. மூடி மறைக்கச் சொல்லவே இல்லை.

இதுக்கு நம்ம நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தியும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். ஆனால் மன்னிப்பும் குற்றத்தின் விளைவும் வேற வேற என்பதில் தெளிவாக இருந்தார். வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையை விடுறது. நடந்ததை இல்லைன்னு சொல்றதோ, சட்டத்தை நிறுத்துறதோ இல்லை. அந்த வேலைக்காரனோட பிரச்சினை, கடன் ரத்தான பிறகும் கணக்கு நோட்டை மூடாததுதான். உங்ககிட்ட அப்படி ஒரு நோட்டு இருந்தா, யார் பேர்ல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல கெட்ட குமாரன் கதை. அதுல வீட்டுலயே இருந்த அந்த அண்ணனைப் பத்திப் பேசுவோம்.