எழுத்துக்குத் திணறும் பிள்ளைகள்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே பெருஞ்செல்வம். காணி நிலத்தையும் உற்றார் உறவினரையும் பின்னே விட்டு மைசூரில் வந்து குடியேறிய நம்மவர், தாம் பட்ட பாடு தம் மக்கள் படலாகாது என்னும் ஒரே எண்ணத்தோடு இரவு பகலாக உழைக்கின்றனர். அத்தகைய இல்லத்தில் ஒரு பிள்ளை, மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் நான்கு சொற்களைச் சேர்த்து வாசிக்க மாட்டாமல் திணறுமாயின், பெற்றோர் மனம் படும் வேதனை சொல்லுந்தரமன்று.

அந்தப் பிள்ளையை அறிவிலி என்று கூறவும் இடமில்லை. கேட்ட கதையை அழகுறத் திருப்பிச் சொல்லும். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைப் பிசகாமல் எண்ணி வாங்கி வரும். பழுதான மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்து நிற்கும். இதற்குத் தந்தையார் கூறும் காரணம் சோம்பல், பாட்டியார் கூறும் காரணம் கிரக தோஷம், பள்ளியில் கூறப்படும் காரணம், "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால் கன்னடம் ஏறவில்லை, நாளடைவில் சரியாகிவிடும்" என்பது. மூன்று விடைகளும் மூன்று ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றன. நான்காவது விடை ஒன்று உண்டு. அதனை நம் குடும்பங்கள் காலத்தே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூற்றாண்டு கடந்த உண்மை

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அவனுக்குக் கண் பார்வையில் குறையில்லை, கணக்கில் தடையில்லை, ஆயினும் எளிய சொற்களையும் அவனால் வாசிக்க இயலவில்லை. பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடக்குமாயின் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனே ஆவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இவ்வகை வாசிப்பு இடர்ப்பாட்டையே இன்று 'டிஸ்லெக்ஸியா' என்று வழங்குகிறோம். 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் ஹிந்தித் திரைப்படத்தின் வாயிலாக இச்சொல் நம் நாட்டுப் பெற்றோர் பலருக்கு அறிமுகமாயிற்று.

இது கண்ணின் குறையன்று, அறிவின் குறையன்று, வளர்ப்பின் குறையுமன்று. காதால் கேட்கும் ஒலியையும் கண்ணால் காணும் எழுத்தையும் இணைக்கும் வேலையை மூளை செய்யும் முறையில் உள்ள வேறுபாடே இது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்ற தந்தைக்கும் இதே இடர் இருந்திருக்கலாம். அக்காலத்தில் அதற்குப் பெயரிட்டுச் சொல்வார் இல்லை. மருந்தால் தீர்வதன்று, அடியால் தீர்வது ஒருக்காலும் அன்று. தக்க முறையில் கற்பித்தால் பிள்ளை வாசிக்கக் கற்கும்.

மொழி புதிதா? வாசிப்பே இடரா?

மைசூர்த் தமிழ் இல்லங்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் 'க' என்னும் ஓர் எழுத்து, இடத்திற்கேற்பப் பல ஒலிகளைத் தாங்கி நிற்கிறது. கன்னடத்திலோ அவ்வோர் எழுத்தின் இடத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஆகவே தமிழ் வீட்டுப் பிள்ளை கன்னடம் எழுதுகையில் இவற்றை மாற்றி எழுதுவது இயல்பு. மேலும், எழுத்தின் அடியில் மற்றோர் எழுத்தை ஒட்டி எழுதும் கூட்டெழுத்துகள் கன்னடப் பிள்ளைகளுக்கே எளிதில் வசப்படுவன அல்ல. கன்னட வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக் என்னும் அறிஞர், எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்ளப் பிள்ளைகளுக்கு மூன்றாம், நான்காம் வகுப்பு வரையிலும் ஆவதுண்டு என்று 2007-இல் எடுத்துக்காட்டினார். எனவே தடுமாறும் பிள்ளைகள் அனைவரையும் டிஸ்லெக்ஸியா உடையோர் என்று முத்திரையிடுதல் தவறு.

அவ்வாறாயின் எதனைக் கொண்டு ஐயுறுவது? மொழி புதிதாயிருப்பதால் வரும் தடுமாற்றம் அம்மொழியோடு நிற்கும். வாசிப்பு இடரோ எந்த மொழியிலும் தலைகாட்டும். பிள்ளைக்கு நன்கு தெரிந்த தமிழில், புத்தகமின்றி வாய்மொழியாகவே வினவிப் பாருங்கள். 'மரம்' என்பதன் முதல் ஒலி யாது? 'பாட்டு' என்பதோடு ஓசை ஒத்து வரும் சொல் யாது? 'கடல்' என்பதில் 'க' நீங்கினால் எஞ்சுவது என்ன? ஒத்த வயதுப் பிள்ளைகள் விளையாட்டாக விடை கூறும்போது இப்பிள்ளை மட்டும் மயங்கினால், பலமுறை கற்பித்த எழுத்தையும் மறுநாள் மறந்தால், ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதினால், சோதனைக்கு அழைத்துச் செல்வது நலம். ஆனால் சிறு வகுப்பில் ஓரிரண்டு எழுத்துகளைத் திருப்பி எழுதுவதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்வகையில் மைசூர்வாசிகள் பேறு பெற்றவர்களே. மானசகங்கோத்திரியில் 1965-இல் நிறுவப்பெற்று, 'ஐஷ்' என்று சுருங்க வழங்கும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிலையம் நம் ஊரிலேயே உள்ளது. காதுச் சோதனை, உளநூல் வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகிய யாவும் அவ்வளாகத்தில் உண்டு. மேலும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்றே ஆக்கிய 'டாலி' என்னும் சோதனைத் தொகுதி 2015-இல் வெளிவந்தது. தொடக்கத்திலேயே கன்னடமும் அதில் இடம்பெற்றது. ஆங்கிலச் சோதனையொன்றை மட்டும் வைத்து நம் பிள்ளைகளை அளந்த காலம் இவ்வாறு மாறத் தொடங்கிற்று. சோதனைக்குச் செல்லும் பெற்றோர், "எங்கள் வீட்டு மொழி தமிழ்" என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். அதனை அறியாது தரும் முடிவு அரைகுறையானதே.

சட்டம் தரும் உரிமை

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. டிஸ்லெக்ஸியாவுக்கு அதில் இடமில்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ இருபத்தொரு வகைகளை ஏற்றது. அவற்றுள் கற்றல் குறைபாடும் ஒன்று. அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசின் ஏற்புப் பெற்ற பள்ளிகளும் இக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, தக்க கற்பிப்பு முறைகளைக் கையாள வழிசெய்கிறது. 17-ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுபவர் உதவியையும், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கையும் குறிப்பிடுகிறது. ஆகவே பள்ளியில் சென்று கேட்பது சலுகையன்று. சட்டம் பள்ளிக்கு விதித்த கடமையையே நாம் நினைவூட்டுகிறோம்.

எவ்வாறு கேட்பது? வாய்ச்சொல்லாகக் கேட்டது காற்றோடு போகும். தலைமையாசிரியருக்குத் தேதியிட்ட மனு ஒன்றைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தருக. அதன் நகலில் பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்க. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை, மூன்றாம் வகுப்பிலேனும் எட்டாம் வயதிலேனும், எது முந்தியதோ அப்போது ஆசிரியர் முதற்சோதனை செய்ய வேண்டும் என்றும், தலைமையாசிரியர் தலைமையில் அதற்கொரு குழு இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. அக்குழுவைக் குறிப்பிட்டு எழுதினால் மனுவுக்கு வலு மிகும். சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் வட்டார அளவில் சிறப்பாசிரியர்கள் உளர். அவர்களது உதவியையும் மனுவிலேயே கோருக. பள்ளி வாளாவிருப்பின் பி.இ.ஓ. அலுவலகத்திற்கும், அதன் பின்னர் பெங்களூரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம்.

சான்றிதழ் வேறு, உதவி வேறு. 2018 நெறிமுறையின்படி எட்டு வயது நிரம்பிய பின்னரே சான்றிதழ் தரப்பெற்றது; பதினான்கிலும் பதினெட்டிலும் மறுசோதனை விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் நெறிமுறை திருத்தப்பெற்றதால், நடப்பு விதிகளை அரசு மருத்துவமனையில் கேட்டறிக. சான்றிதழ் வரட்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு உதவியை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

குடிபெயர்ந்த குடும்பத்தார் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சான்றிதழுக்கான விண்ணப்பம், இருப்பிடச் சான்றில் கண்ட மாவட்டத்தைப் பொறுத்தது. ஆதார் அட்டையில் சேலம் என்றோ தருமபுரி என்றோ பழைய முகவரியே இருக்குமாயின், மைசூரில் அலைக்கழிப்பு நேரும். முகவரியை முன்னதாகவே மாற்றிக்கொள்க. முறைப்படி பெற்ற சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நாளை தமிழ்நாட்டுக்கே திரும்பினாலும் அது பயன்படும்.

காகிதத்தில் உள்ள உரிமை தேர்வுக்கூடத்தில் கிட்டாமற்போவதும் உண்டு. 2021 செப்டம்பரில் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில், எழுதுதல் இடர்ப்பாடுடைய மாணவி ஒருவருக்கு உரிய ஒரு மணி நேரக் கூடுதல் காலம் தரப்படவில்லை. அவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள், அவருக்கு அநீதி நேர்ந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. இழந்த மணி நேரம் இழந்ததே. அதே ஆண்டு பிப்ரவரியில் மற்றொரு வழக்கில், குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்பதையே காரணமாக்கிச் சொல்வதை எழுதுபவர் உதவியை மறுக்கலாகாது என்று அந்நீதிமன்றமே கூறிற்று. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுமதிக் கடிதத்தைக் கையில் பெற்று, தேர்வு நிலையத்தின் மேற்பார்வையாளரிடம் காட்டி வருவதே அறிவுடைமை.

தமிழைப் பற்றி ஒரு சொல்

இனி நாம் கூறப்போவது சங்க அன்பர் சிலருக்குக் கசப்பாகவும் இருக்கலாம். கர்நாடகப் பள்ளியில் பிள்ளை கன்னடம், ஆங்கிலம், பெரும்பாலும் ஹிந்தி ஆகிய மூன்று எழுத்து முறைகளோடு மல்லாடுகிறது. கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். இவற்றோடு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்து வகுப்பும் சேர்ந்தால், வாசிப்பு இடருள்ள பிள்ளையின் தலையில் நான்காவது சுமை ஏறுகிறது. அப்பிள்ளை ஓர் எழுத்து முறையில் உறுதியாகக் கால் ஊன்றும் வரை தமிழ் எழுத்தை ஒத்திப்போடுதல் தமிழுக்குச் செய்யும் துரோகமாகாது.

அதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தலாமோ? ஒருபோதும் கூடாது. "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உளர். இரு மொழி பேசுவதால் டிஸ்லெக்ஸியா உண்டாவதில்லை; தாய்மொழியைப் பறித்தால் அது நீங்குவதுமில்லை. எழுத்து வழியாக அறிவைப் பெறத் திணறும் பிள்ளைக்குச் செவி வழியே வரும் தமிழ்தான் பெருந்துணை. கதையும் பாட்டும் விடுகதையும் பழமொழியும் தாராளமாக வழங்குங்கள். செவிச் செல்வத்தைச் செல்வத்துள் தலையாயதாகக் கொண்ட மரபு நம்முடையது அன்றோ?

மொழிப்பாட விலக்கையும் ஆராய்ந்தே கோர வேண்டும். எந்த மொழியை விடுவது, எதனை வைத்துக்கொள்வது என்பதைப் பள்ளி மட்டும் முடிவு செய்யலாகாது. வாழும் ஊரின் மொழியைப் பேசவும் கேட்கவும் பிள்ளை கற்றே ஆகவேண்டும். தேர்வுச் சுமையைக் குறைப்பதே விலக்கின் பயன்.

கற்பிக்கும் முறையிலும் புதுமை அதிகமில்லை. 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் ஆகியோர், எழுத்தைக் கண்ணால் கண்டு, வாயால் ஒலித்து, கையால் வரைந்து ஒருங்கே கற்கும் முறையை வகுத்தனர். நம் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லியவாறே விரலால் எழுதவில்லையா? நாள்தோறும் இருபது நிமிடம், ஒரு சமயத்தில் ஓரிரண்டு எழுத்துகள், பழையதைப் பலகால் மீட்டல் என்னும் ஒழுங்கோடு செய்தால் வீட்டிலும் பயன் உண்டு. பிள்ளை களைத்த பின்னும் உட்கார வைத்து வதைத்தல் கூடாது.

இவற்றிற்கெல்லாம் நம்மவர்க்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் கன்னடத்தில் ஒரு மனு எழுத ஆள் இன்மையே. கூலி வேலைக்குச் செல்லும் தாய், அரை நாள் சம்பளத்தை இழந்து அலுவலக வாயிலில் நின்று, கேட்கத் தெரியாமல் திரும்பி வருகிறாள். கன்னடம் எழுதவல்ல சங்க அன்பர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி அம்மனுவை எழுதிக் கொடுத்து, மறுநாள் உடன் சென்று நிற்பாராயின், அது அன்னதானத்திற்குக் குறைந்த புண்ணியமன்று. பள்ளி ஆண்டு தொடங்கும் முன்னரே அத்தகைய இல்லங்களை நாடிச் செல்லுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.