அச்சக அதிபர் கட்டிய மாளிகை: மாணவிகளுக்கு வீடானது!

அச்சுத் தொழிலில் கொழித்த சீமான் ஒருவர் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை, கடைசியில் வெளியூர் மாணவிகளுக்கு வீடானது. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் நடந்த கதை இது.

மாளிகையின் பெயர் செயின்ட் லியோனார்ட்ஸ். விக்டோரியா ராணி காலத்தில், 1869-70ல் கட்டியவர் புத்தக அதிபர் தாமஸ் நெல்சன். பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும்!

நெல்சன் லேசுப்பட்ட ஆள் அல்ல. சுழல் அச்சு எந்திரத்துக்கு மாதிரி செய்து, 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தவர். ஆனால் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார்!

மகன் பலி

மகன் தாமஸ் ஆர்தரும் அதே தொழில்தான். இவருடைய நண்பர் ஜான் புக்கன், 1915ல் தன் 'முப்பத்தொன்பது படிகள்' நாவலை இவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

இரண்டே வருடம். 1917ல் பிரான்சில், அர்ராஸ் போர்க்களத்தில் தாமஸ் ஆர்தர் பலியானார்.

அதே யுத்தத்தில் மாளிகை, செஞ்சிலுவை ஆஸ்பத்திரியானது. யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு அங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். வீட்டுப் பிள்ளைதான் திரும்பவில்லை.

வாலுப் பெண்கள்

1925 முதல் 1939 வரை அங்கே பெண்கள் பள்ளி நடந்தது. அந்தப் பள்ளியின் பெயரைக் கொண்டுதான் 'செயின்ட் டிரினியன்ஸ்' வாலுப் பெண்களை வரைந்து உலகையே சிரிக்க வைத்தார், கார்ட்டூனிஸ்ட் ரொனால்ட் சியர்ல்.

அப்புறம் எடின்பரோ பல்கலைக்கழகம் அதை மாணவிகள் விடுதியாக்கியது. இப்போது சுற்றிலும் 'பொல்லாக் ஹால்ஸ்' என்ற பெரிய விடுதி வளாகம். நடுவே பழைய மாளிகை இன்றும் நிற்கிறது.