கோட்டு போட்ட கள்ளன்

பிரெஞ்சு நாட்டு ஆர்சன் லூபின் முதல் ஆரணி நிதிக் கம்பெனி வரை: மரியாதையை முதலீடாகப் போட்டுத் திருடியவர்களின் கதை

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. 1751 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும், கோட்டையைக் காலி செய்த படை வந்து அணிவகுத்து நின்றது இந்த ஊரில்தான். கிளைவ் பீரங்கிகளோடு துரத்திக்கொண்டு வந்தார். சில வாரங்களில் ஆற்காட்டை மீட்கப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு சிப்பாய்களும் வந்தார்கள். முற்றுகை பலிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஆரணியில் நடந்த சண்டையிலும் தோற்றார்கள்.

அந்த பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியால் சாதிக்காததை, நூற்றைம்பது ஆண்டு கழித்து அவர்கள் நாட்டுத் திருடன் ஒருவன் தொப்பியும் கைத்தடியுமாகச் சாதித்தான். அவன் காகிதத்தில் பிறந்தவன். பெயர் ஆர்சன் லூபின்.

தேதி சொல்லி வருகிறவன்

1905 ஜூலையில் பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜு சே தூ' என்ற மாத இதழில் லூபினின் முதல் கதை வெளியானது. எழுதியவர் மொரீஸ் லெப்லாங். ரூவான் நகரத்துக்காரர், 1864-ல் பிறந்தவர். இலக்கியத்தில் பெயர் வாங்க வேண்டும் என்று நாற்பது வயதுவரை முட்டி மோதியவர். பதிப்பாளர் பியேர் லஃபீத் அவரிடம் கேட்டது ஷெர்லக் ஹோம்ஸ் மாதிரி ஒரு சரக்கு. லெப்லாங் துப்பறிவாளனைக் கொடுக்காமல் திருடனைக் கொடுத்தார். அந்த முதல் கதையிலேயே கதாநாயகன் கைதாகிவிடுகிறான். ஒரு கதையோடு முடிய வேண்டியவன், லெப்லாங் 1941-ல் இறக்கும்வரை அவரை விடவில்லை.

கனவான் திருடன் என்ற வகையை லெப்லாங் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் இ. டபிள்யூ. ஹார்னங் 'ராஃபிள்ஸ்' என்ற கிரிக்கெட் வீரனைத் திருடனாக்கி 1890-களின் கடைசியிலேயே எழுதிவிட்டார். அந்த ஹார்னங், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் தங்கை கணவர். மச்சான் துப்பறிவாளனை வைத்துச் சம்பாதிக்க, மாப்பிள்ளை திருடனை வைத்துச் சம்பாதித்தார். லெப்லாங் இன்னும் ஒருபடி மேலே போய், 1906-ல் ஹோம்ஸையே தன் கதைக்குள் இழுத்துவந்து லூபினிடம் மாட்டிவிட்டார். கோனன் டாயில் ஆட்சேபித்தார். லெப்லாங் எழுத்தை இடம் மாற்றி 'ஹெர்லாக் ஷோம்ஸ்' என்று வைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினார்!

லூபின் எப்படித் திருடுகிறான் என்பதற்கு இரண்டாவது கதை ஒன்றே போதும். சேன் ஆற்றின் நடுவே பாறைமேல் கோட்டை. உள்ளே தனியாக ஒரு பிரபு, சுற்றிலும் விலைமதிப்பில்லாத ஓவியங்கள். அவருக்குச் சிறையிலிருந்து ஒரு பதிவுத் தபால் வருகிறது. அனுப்பியவன் லூபின். இன்னின்ன ஓவியங்கள், இன்னின்ன நகைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, ஒழுங்காகக் கட்டி ரயிலில் அனுப்பிவிடுங்கள், கூலியை நீங்களே கட்டிவிடுங்கள். அனுப்பாவிட்டால் செப்டம்பர் 27 இரவு நானே வந்து எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறான். கூடவே ஓர் ஓவியத்தைக் குறிப்பிட்டு, அது நகல், எனக்கு வேண்டாம் என்கிறான்.

பிரபுவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி: லூபினைப் பிடித்த இன்ஸ்பெக்டர் கனிமார் விடுமுறையில் பக்கத்து ஊருக்கு வந்து தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறாராம். பிரபு ஓடிப்போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, பணம் கொடுத்துக் கூட்டிவந்து, ஆள்களோடு காவலுக்கு வைக்கிறார். விடிந்து பார்த்தால் கூடம் துடைத்துவைத்தது போல் கிடக்கிறது. தூண்டில் போட்டவர் கனிமாரே இல்லை, லூபினின் ஆள். பத்திரிகைச் செய்தியும் அவன் ஏற்பாடுதான். பூட்டு உடையவில்லை, சுவர் இடியவில்லை. திருடனை வாசற்கதவு திறந்து உள்ளே அழைத்தவர் வீட்டுக்காரரே.

லூபின் கதைகளின் உயிர் இதில் இருக்கிறது. கடப்பாரை அவனுக்குத் தேவையே இல்லை. இன்ஸ்பெக்டர், பிரபு, மருத்துவர், வெளிநாட்டு விருந்தாளி என்று எந்த வேஷத்துக்கு ஊர் எழுந்து நின்று வணக்கம் சொல்லுமோ, அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்கிறான். மரியாதைதான் அவன் கையில் இருக்கும் கள்ளச்சாவி.

ஆரணியார் திறந்த கடை

திமிரியைத் தாண்டித் தெற்கே போனால் ஆரணி. பட்டுக்குப் பேர்போன இந்த ஊர்தான் தமிழ்த் துப்பறியும் கதையின் பிறந்த வீடுகளில் ஒன்று. ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) மேல்நாட்டுக் கதைகளை மூட்டை மூட்டையாக இறக்குமதி செய்தவர். 'இரத்தினபுரி இரகசியம்', 'மின்சார மாயவன்' என்று தலைப்பிலேயே ஆளை இழுக்கும் நாவல்கள் அவருடையவை. ஷெர்லக் ஹோம்ஸை 'ஆனந்தசிங்' ஆக்கித் தமிழ் பேசவைத்தவரும் அவரே. 1915-ல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராகவும் இருந்தார். வேதாந்தக் கட்டுரையும் மர்மத் தொடர்கதையும் ஒரே அட்டைக்குள் அடங்கியிருந்த இதழ் அது.

அவருக்கு முன்பே 1894-ல் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற துப்பறியும் கதையை எழுதியிருந்தார். பின்னால் ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு படையே கிளம்பியது. வடுவூராரின் திகம்பர சாமியார் வேஷம் மாற்றுவதில் லூபினுக்கு இளைத்தவர் அல்லர். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது அடுக்கடுக்காக வேஷம் கட்டிக் கதாநாயகனாக நடித்தவர், பிறகு வில்லனாகவே நமக்குத் தெரிந்த எம். என். நம்பியார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் வேஷம் மாற்றும் வித்தை துப்பறிவாளன் கைக்குப் போய்விட்டது. திருடன் சிரித்துக்கொண்டே தப்பித்துப் போவதைத் தமிழ் நாவலாசிரியர்கள் அவ்வளவாக அனுமதிக்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு மாட்டியாக வேண்டும்.

மதுரைத் தெருவில் ஒரு லூபின்

இத்தனைக்கும் தமிழுக்கு அப்படிப்பட்ட திருடன் புதியவன் அல்லன். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் ஒருவன் வருகிறான். பகலில் தூதுவன் வேஷத்தில் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இரவில் பெண் வேஷத்தில் உள்ளே நுழைகிறான். விளக்கு நிழலில் சத்தமில்லாமல் நடந்து, தூங்கும் இளவரசனின் வைர ஆரத்தைக் கழற்றுகிறான். விழித்துக்கொண்ட இளவரசன் வாளை உருவ, திருடன் அதன் உறையைப் பறித்துக்கொண்டு, வீச்சு ஒவ்வொன்றையும் அந்த உறைக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான். மல்லுக்கட்டலாம் என்று இளவரசன் பாய்ந்தால், இருட்டில் ஒரு மணித்தூணை அவன் கைக்குக் காட்டிவிட்டு மாயமாகிறான்.

லெப்லாங் படித்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

இந்தக் கதையைச் சொல்வது யார் என்பதுதான் இளங்கோவடிகளின் சாமர்த்தியம். சொல்கிறவன் பொற்கொல்லன். சட்டை அணிந்து, நூறு கொல்லர்கள் பின்னால் வர, பாண்டியன் அரண்மனையோடு தொடர்புள்ள பெரிய மனிதனாக நடமாடுகிறவன். அரசியின் சிலம்பைக் களவாடிவிட்டு, சிலம்பு விற்க வந்த கோவலன்மீது பழியைப் போட்டவனும் அவனே. கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் திருடன் மாதிரி தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு சாஸ்திரத்தை விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணை எட்டு என்று அடுக்கி, உதாரணத்துக்கு அந்தத் தூதுவன் வேஷக் கதையையும் சொல்கிறான். திருடனாகத் தெரியாதவன்தான் பெரிய திருடன் என்பது அவன் வாதம். வாதம் முழுக்கச் சரி. பொருந்துவது அவனுக்கு, வெட்டு விழுந்தது கோவலனுக்கு.

காரணம் கேட்கும் ஊர்

நம் மரபு திருடனை ரசிக்கும். ஆனால் கணக்கும் கேட்கும். திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்தார் என்றால், அடியார்களுக்கு அமுது படைப்பதற்காக என்று கதை சொல்கிறது. மணமகன் கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி நகை பறித்ததை இன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாளில் வேடுபறி உற்சவமாக நடத்துகிறோம். குதிரை வாகனத்தில் பெருமாள் மணல்வெளியில் ஓட, ஊர் கூடி நின்று வழிப்பறியைக் கொண்டாடுகிறது. ஆனால் அந்த வழிப்பறி திருமந்திர உபதேசத்தில்தான் முடிகிறது.

சினிமாவும் இதே வழியில் போனது. 1993-ல் வந்த ஷங்கரின் 'ஜென்டில்மேன்' படத்து நாயகன் கொள்ளையடிப்பது ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக. ஒரு நல்ல காரியத்தைச் சொல்லித்தான் அவனால் நம்மிடம் மன்னிப்பு வாங்க முடிந்தது. லூபினுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. சில நேரம் இளகிய மனசுக்காரன்தான். ஆனாலும் ஓவியம் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன் என்பதே பெரும்பாலும் அவன் நியாயம். தமிழில் அந்த அளவுக்குத் துணிந்தது 2011-ல் வந்த 'மங்காத்தா'. பணம் வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்ன அஜித்தை ரசிகர்கள் விசில் அடித்து வரவேற்றார்கள்.

இந்த வரிசையில் தனித்து நிற்பது நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்'. அது எம்.ஜி.ஆர். நடிப்பில் 1954-ல் படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளுக்குப் போனது. வணிகர் அப்துல் ரஹீமாக ஊருக்குள்ளும், கள்ளனாக மலையிலும் எம்.ஜி.ஆர். வாழும் இரட்டை வேஷம் அப்படியே லூபின் பாணி. அதைவிட முக்கியம் இன்னொன்று. ஊரை உண்மையில் கொள்ளையடிப்பவர்கள், ஊர் கும்பிடும் பணக்காரரும் ஜமீன்தாரும்தான். கள்ளன் என்று பெயர் எடுத்தவன் ஒருவன், களவு செய்கிறவன் வேறொருவன்.

கோட்டு இல்லாதவன் திருடன்

இந்தக் கதைகள் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் நிஜ வாழ்க்கை வேறு மாதிரி இருந்தது. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் வந்து, 1911-ல் நம் மாகாணத்துக்கும் விரிந்தது. பிறந்த சாதியே குற்றம். ரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி இந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

லூபினுக்கும் சிறையில் உடல் அளவு எடுத்தார்கள். அக்காலத்துப் பாரிஸ் போலீஸ் பெர்த்தியோன் முறைப்படி தலை, விரல், காது எல்லாவற்றையும் அளந்து அட்டையில் குறித்து வைக்கும். அவன் குமாஸ்தா ஒருவருக்குப் பணம் கொடுத்து அட்டையில் தப்பான அளவை எழுதவைத்துவிட்டான். வெள்ளைச் சட்டையும் வெள்ளிப் பூண் தடியும் இருந்தால் அட்டையை மாற்றலாம். பெருங்காமநல்லூர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்மீது அரசாங்கம் கைரேகை வாங்கிச் சந்தேகப்பட்டது. பெரிய மனிதர்மீது அது சந்தேகப்படவே இல்லை.

இந்த அநியாயத்தைத்தான் லெப்லாங் தலைகீழாக்கிச் சிரிக்கவைக்கிறார். 'ராணியின் ஆரம்' என்ற கதையில் ஒரு சீமாட்டி, நொடித்துப்போன தோழியை வீட்டில் சேர்த்துக்கொண்டு வேலைக்காரி மாதிரி நடத்துகிறாள். பரம்பரை வைர ஆரம் தொலைந்ததும் சந்தேகம் அந்த ஏழைப் பெண்மீது விழுகிறது. எடுத்தவன் அவளுடைய ஆறு வயது மகன். பல ஆண்டு கழித்து அவன் கண்ணியமான விருந்தாளியாக அதே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தத் திருட்டு எப்படி நடந்திருக்கும் என்று பொறுமையாக விளக்குகிறான். அந்தப் பையன்தான் லூபின். அம்மா பட்ட அவமானத்தை அவன் கோட்டாக மாற்றிப் போட்டுக்கொண்டான்.

ரசீது கொடுத்த திருட்டு

2022-ல் வேலூர், ஆரணி, காட்பாடி வட்டாரமே ஒரு திருட்டுக் கதையைப் பேசியது. மாதா மாதம் கொழுத்த வட்டி தருகிறோம் என்று விளம்பரம் செய்த நிதி நிறுவனங்கள்மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் வழக்குப் பதிந்து சோதனை நடத்தியது. குளிர்பதன அலுவலகம், கழுத்தில் டை, அச்சடித்த பத்திரம், முதல் சில மாதம் தவறாமல் வந்த பணம். நம்பிக்கை வைக்க இதைவிட என்ன வேண்டும்? தறி நெய்தவரும் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவரும் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பிரபு, போலி இன்ஸ்பெக்டரைக் கூலி கொடுத்துக் கூட்டி வந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஒன்று உண்டு. லூபின் தன் சாப்பாட்டுக்கு ஏழை வீட்டு உண்டியலை உடைப்பதில்லை. ஒரு முறை ஒரு பிரபு வீட்டுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு எதையும் தொடாமல், அறைக்கலன்கள் அசலாக இருக்கும்போது திரும்ப வருகிறேன் என்று விசிட்டிங் கார்டில் எழுதிவைத்துவிட்டுப் போனவன் அவன். அவனாவது வருகிற தேதியைச் சொன்னான். இவர்கள் ரசீதே கொடுத்தார்கள்.

எனவே லூபினை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் அவன் கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோட்டையும் சிறைக் கடிதமும் வரும் கதையிலிருந்து தொடங்குங்கள். படிக்கும்போது திருடன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடாமல், அந்த வீட்டில் எல்லாரும் எந்த மனிதருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பாதி மர்மம் அங்கேயே உடைந்துவிடும். அடுத்த முறை டை கட்டிய ஒருவர் மாதம் பத்துப் பைசா வட்டி என்று திண்ணையில் வந்து உட்காரும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.