திருமலை தரிசன முன்பதிவு: இணைய முகவரி மாறியது ஏன்? அசல் தளத்தை அறிவது எப்படி?

திருப்பதி: வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் பக்தர், ரூ.300 சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டைச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பெற முயல வேண்டியுள்ளது. போலித் தளத்தில் பணம் செலுத்தியவருக்கோ, மலைமீது வரிசை வளாகத்தில் டிக்கெட் ஸ்கேன் செய்யப்படும்போதுதான் உண்மை தெரியவருகிறது. அதற்குள் பணமும் பயணமும் வீணாகிவிடுகின்றன.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முன்பதிவுத் தளம் முன்பு 'டிடிடி சேவா ஆன்லைன்' என்ற பெயரில், 'டாட் காம்' என முடியும் முகவரியில் இயங்கியது. அத்தகைய முகவரியை எவரும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம். ஓரெழுத்தை மாற்றி, அதே கோயில் படத்தை முகப்பில் வைத்துவிட்டால் வேறுபாடு காண்பது கடினம். எனவே, 2020 மே மாதத்தில் தளம் 'திருப்பதி பாலாஜி' என்ற பெயருடன், ஆந்திர அரசுக்குரிய 'ஏபி டாட் கவ் டாட் இன்' முகவரிக்கு மாறியது. 'கவ் டாட் இன்' முடிவு அரசு சார்ந்த அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுவதாகும்.

2024 ஜனவரியில் பெயர் மீண்டும் மாறியது. 'ஒரே நிறுவனம், ஒரே இணையதளம், ஒரே செயலி' என்ற நோக்கத்துடன் 'டிடிதேவஸ்தானம்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. ஓராண்டுக்கு முன் அறிமுகமான கைப்பேசிச் செயலியின் பெயரும் இதுவே. முதல் மாற்றம் பாதுகாப்பைத் தந்தது; இரண்டாவது மாற்றம் குழப்பத்தைக் குறைத்தது எனலாம். ஆயினும் 'டிடிடி' என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்துக்குப் பழகியவர்கள் புதிய முகவரியில் ஒரு 'டி'யைக் கூடுதலாகத் தட்டச்சு செய்ய வாய்ப்புண்டு. பழைய இணைப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றிவருவது மற்றொரு சிக்கல்.

தளத்தைத் தெளிவாக்கும் முயற்சியே பழகியவர்களின் வழியை அடைத்துவிடுவதும் உண்டு. 'ரஸ்ட்' என்னும் நிரலாக்க மொழியின் இணையதளம் 2018 டிசம்பரில் புதியவர்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. முகப்பில் இருந்த மாதிரி நிரல் நீக்கப்பட்டது. பழைய தளத்திலிருந்த பிறமொழிப் பக்கங்களும் தொடக்கத்தில் இடம்பெறவில்லை. இதற்குப் பயனர்களிடமிருந்து அதிருப்தி எழுந்தது. நிரலாளர்களே தடுமாறும்போது, ஆண்டுக்கொருமுறை மட்டும் முன்பதிவு செய்யும் முதியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மாவட்டப் பிரிவினையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 ஏப்ரல் 4 வரை திருமலை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; அன்று முதல் திருப்பதி தனி மாவட்டமானது. இரு மாவட்டங்களுக்கும் தனித்தனி அரசு இணையதளங்கள் உள்ளன. அவை மாவட்ட நிர்வாகத் தகவல்களுக்கானவை. தரிசன டிக்கெட் விற்பனைக்கானவை அல்ல.

அசல் தளத்தை அறிய, முகப்புப் படத்தைப் பார்ப்பதைவிட முகவரியின் முடிவைப் பார்ப்பதே நல்லது. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னர் 'ஏபி டாட் கவ் டாட் இன்' என்று இருக்க வேண்டும். இடையில் எங்கோ 'கவ்' என்ற சொல் வருவதாலோ, சிறுகோடிட்டு அது சேர்க்கப்பட்டிருப்பதாலோ அது அரசுத் தளம் ஆகிவிடாது. தேடுபொறியில் விளம்பரமாக மேலே தோன்றும் இணைப்புகளைத் தவிர்த்து, முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்வது பாதுகாப்பானது. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.