பழங்கற்படியும் காந்த நாடாவும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளது திருக்கழுக்குன்றம். அங்குள்ள கல்வெட்டு ஒன்று முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. கந்தசிஷ்யன் என்னும் பழைய மன்னன் கோயிலுக்கு அளித்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிம்மவர்ம பல்லவன் அவ்வாறே காத்தான். அதனை ஆதித்தன் மீண்டும் உறுதி செய்கிறான் என்பது அதன் செய்தி. வாதாபி வெற்றி நிகழ்ந்தது கி.பி. 642இல், ஆதித்தன் ஆண்டதோ ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில். அரச மரபே மாறிய பின்னும் ஒரு நிலத்தின் உரிமைத் தரவு அழியவில்லை. பின்வந்தோர் அதனைப் படித்துப் பார்த்து மீண்டும் எழுதிவைத்ததே அதற்குக் காரணம்.

திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். அவை மீண்டும் கல்லில் ஏறியது அவன் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில்தான். இவ்வாறு மறுபடி வெட்டப்பட்டவற்றைப் 'பழங்கற்படி' என்பர். இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சுவரைப் பிரித்த நாளுக்கும் புதிய கல்லில் வெட்டிய நாளுக்கும் இடையில் அந்த ஏட்டைச் செல் அரித்திருந்தால், கொடைகளை மெய்ப்பிக்க என்ன எஞ்சியிருக்கும்?

கணினித் தரவுகளைக் காப்போரும் இக்கேள்வியைத்தான் கேட்கின்றனர். இன்னொரு நகல் இருப்பதனாலேயே அது காப்பு நகல் ஆகிவிடாது. இரண்டு வன்வட்டுகளை இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனே பதியுமாறு செய்யலாம். ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவும் இரண்டிலும் உடனே பதியும். 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயில் பயனர் சிலரின் மடல்கள் மறைந்தன. வெவ்வேறு மையங்களில் நகல்கள் இருந்தும் பிழை அவற்றையும் தொட்டுவிட்டது. இணைப்பின்றித் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே மடல்கள் மீட்கப்பட்டன.

சுழலும் வட்டில் எந்த இடத்தையும் நொடிக்குள் எட்டலாம். அன்றாட மீட்புக்கு அது ஏற்றது. நாடாவோ ஒரு பேழைக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குச் சுருண்டிருக்கும். வேண்டிய இடத்தை அடைய அதனைச் சுற்றிச் செல்ல வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் கருவியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அது மின்சாரம் கேட்பதில்லை. வலையமைப்பின் வழியே நுழையும் தீநிரலும் அதனைத் தீண்ட முடியாது. அரியணைக்கு அருகில் ஓலையும் கோயில் சுவரில் கல்லும் இருந்ததைப் போல, இவ்விரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு.

கடற்கரையை ஒட்டிய மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாளில் உதவித்தொகை யாருக்கு உரியது என்பதைச் சங்கத்தின் பதிவேடே சொல்லும். ஒருவர் பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். ஆண்டுவிழா ஒளிப்படங்களும் அதே கணினியில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு தேவையில்லை. ஆகவே முதலில் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும்: எத்தனை மணி நேரப் பதிவை இழந்தால் சங்கம் தாங்கும்? எத்தனை மணி நேரத்தில் மீண்டும் இயங்க வேண்டும்? ஒரு நாள் பதிவை இரசீதுகளைக் கொண்டு மறுபடி எழுத இயலுமெனில் இரவுக்கு ஒரு நகல் போதும்.

ஒவ்வோர் இரவும் அனைத்தையும் படியெடுப்பது வீண். ஞாயிறன்று முழு நகல், பிற நாள்களில் அன்று மாறியவை மட்டும் என்பது வழக்கம். இதில் ஓர் இடர் உண்டு. வியாழனன்று காலை வட்டு பழுதானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நான்கு நகல்களும் வேண்டும். செவ்வாய் நகல் கெட்டிருந்தால் அதற்குப் பிந்தியதை நம்ப இயலாது. நாடாக்களை மகன், தந்தை, தாத்தா என மூன்று தலைமுறையாகப் பிரிப்பர். நாள் நாடா ஆறு, வார நாடா நான்கு, மாத நாடா பன்னிரண்டு என 22 நாடாக்களால் ஓராண்டைக் காக்கலாம். மூன்று மாதங்களுக்கு முன் நுழைந்து இன்று கண்ணில் படும் பிழையைத் திருத்தத் தாத்தாதான் உதவுவார்.

எங்கே வைப்பது? இதுவே இக்கரையில் கடினமான வினா. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கம் குடியிருப்புக்குள் புகுந்தது. அத்தகைய இடருக்கு அஞ்சினால் செங்கற்பட்டு நகரில் ஒரு பிரதியை வைத்தால் போதும். அலை அவ்வளவு தொலைவு வராது. ஆனால் 2022 திசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலும் பெருமழையும் கரையையும் உள்நாட்டையும் ஒருசேரத் தாக்குபவை. அவற்றுக்கு அஞ்சினால் திருச்சியோ கோவையோ வேண்டும். அதாவது, தொலைவை அளக்க வேண்டியது கிலோமீட்டரால் அன்று, இடரின் அகலத்தால். மேலும் உப்புக்காற்றும் ஈரமும் நாடாவுக்குப் பகை. குளிர்ந்த, உலர்ந்த அறை இல்லாத இடத்தில் அதனை வைப்பதில் பயனில்லை.

தரவு பத்திரமாக இருந்தும் பணி நிற்கலாம். 2015 திசம்பர் வெள்ளத்தில் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு ஒருநாள் அச்சேறவில்லை. மறைமலைநகரில் இருந்த அச்சகத்திற்குப் பணியாளர்கள் செல்ல இயலாததே காரணம். நாடா வேறூரில் இருக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. சாலை மூடியிருக்கும் நாளில் அதனை எடுத்து, எந்தக் கருவியில், யார் படிப்பார் என்பதும் எழுதப்பட வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாடாவை எடுத்து, வேறொரு கணினியில் உண்மையாகவே மீட்டுப் பார்ப்பது நன்று. பல அலுவலகங்கள் தவிர்க்கும் வேலை இதுவே.

படிக்கும் கருவியையும் மறக்கலாகாது. இன்று பெரிதும் வழங்கும் எல்.டி.ஓ. வகை நாடா 2000இல் 100 ஜிகாபைட் கொள்ளளவுடன் வந்தது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்ளும். நாடாவின் ஆயுள் முப்பதாண்டு வரை என்கின்றனர். ஆனால் ஒன்பதாம் தலைமுறைக் கருவி தன் தலைமுறையையும் அதற்கு முந்தியதையும் மட்டுமே படிக்கும். 2012இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை நாடா எவ்விதச் சேதமுமின்றி இருந்தாலும் அதற்கு அது வெறும் பேழையே. எனவே எந்த ஆண்டில் புதிய நாடாவுக்குப் படி மாற்ற வேண்டும், அதற்குரிய செலவு எத்தலைப்பில் வரும், சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் எந்தப் பதவியில் உள்ளவர் என்பனவும் கொள்கை ஏட்டில் முன்கூட்டியே இடம்பெற வேண்டும்.